நாலு விரல் பள்ளம்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் சித்தியும் நல்லபடியாக இருக்கிறோம், மாடிக் குழாய்தான் மூன்று நாளாகச் சொட்டுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்த முறை கேட்கவில்லை, ஏனென்றால் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்ன தெரியும், இப்படித்தான் ஆகும் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே நான் சொன்னேன். கழுத்தில் ஆரம்பிக்கும், தோளுக்கு இறங்கும், கடைசியில் விரலில் வந்து உட்காரும் என்று வரிசைகூட மாறாமல் சொன்னேன், அன்றைக்கு யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, அது என் தப்பா. எழுத்து இவ்வளவு பெரிசு பெரிசாக இருக்கிறதே என்று பார்க்காதே. உனக்குக் கழுத்து வலி, குனிந்து படிக்கக் கூடாது, கையை நீட்டிப் பிடித்தாலும் தெரிய வேண்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். இவ்வளவு யோசிக்கிற சித்தப்பா வேறு யாருக்கு வாய்ப்பார் சொல்.

சித்தியைக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாயாம், அவளும் சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றாளாம். அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம் வரைக்கும் காப்பாற்றினாள், அதுவே அவளுக்குப் பெரிய சாதனை. மத்தியானம் மூன்று மணியானால் உன் வலது கைக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகிறது, வாய்க்குள் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடி ஒரு நாள் கையிலிருந்து நழுவி நோயாளியின் மார்புத் துணியில் விழுந்தது, நல்லவேளை அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், உன் கிளினிக்கில் ஒருத்தருக்கும் இது தெரியாது, நரம்புப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தும் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று இரண்டு தடவை நீயே தள்ளிப்போட்டுவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டு, பல் வேலையையே விட்டுவிட்டு ஏதோ ஆபீஸில் காகிதம் பார்க்கப் போகிறேன் என்றாயாம். அத்தனையும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. என்னிடம் மட்டும் ஏன் சொல்லக் கூடாது என்றாய் என்பதுதான் புரியவில்லை. அறிவுரை சொல்லியே கொன்றுவிடுவேன் என்று பயமா. சொல்லத்தான் போகிறேன், முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு படி.

நான் எட்டாம் வகுப்பு தேறியவன், ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், ஆனால் மனுஷன் உட்காருகிற விஷயத்தில் என்னை மிஞ்சிப் படித்தவன் இந்த ஊரில் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாகக் குஷன் வேலை. பஸ் சீட், சலூன் நாற்காலி, தியேட்டர் சீட், வக்கீல் ஆபீஸ் சோபா, எதைக் கொண்டுவந்து போட்டாலும் தேய்ந்த இடத்தைப் பார்த்தே உட்கார்ந்தவன் எந்தப் பையில் பர்ஸ் வைத்திருந்தான், எந்த முட்டியில் வாதம், மாமியார் வீட்டில் எப்படி உட்காருவான் என்றுகூடச் சொல்லிவிடுவேன். (மாமியார் வீடு கொஞ்சம் ஜாஸ்தி என்கிறாள் சித்தி. நான் ஒவ்வொரு பக்கமாக எழுதி வைக்க வைக்க அவள் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.) நீ பல் டாக்டருக்குப் படிக்கப் போன முதல் வருஷம் என் வெட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து மெழுகுக் கட்டியில் கடைவாய்ப் பல் செதுக்கினாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு அகலமாகிறது. ஒரு மேடு ஒரு பள்ளம் தப்பாமல், விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை சரியில்லை என்று பத்து தடவை அழித்து அழித்துச் செய்தாய். கடைக்கு வந்த லாரி டிரைவர் ஒருத்தர் அதை அசல் பல் என்றே நம்பி, யாருக்குப் போச்சு என்று துக்கம் விசாரித்தார். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அந்த மெழுகுப் பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டியிருப்பான், அவன் இல்லாததால் அதையும் நானே செய்தேன். ஆறு வயசில் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த நாளிலிருந்து அவன் அடித்திருக்க வேண்டிய தம்பட்டத்தையும் சேர்த்து நான்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் சத்தம் கொஞ்சம் கூடுதல். அப்படிக் கவிழ்ந்து நீ செதுக்கும்போதே, "இந்தக் கழுத்து ஒரு நாள் உன்னைப் பழிவாங்கும் பாரு" என்று சொன்னேன். (மேசையில மெழுகு சிந்தாதேன்னுதான் சொன்னீங்க என்கிறாள் சித்தி. இரண்டும் சொன்னேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கிளினிக்குக்கு என்னால் வர முடியாது, அதனால் இங்கேயே ஒரு பல் டாக்டரைப் பிடித்து, வேலை செய்யும்போது அவர் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பேனா நோட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறாரே, தெருவே கேள்விக்குறி என்று கூப்பிடுமே, அவர்தான். தலை முன்னால் வளைந்து, தோள் உருண்டு, தூரத்தில் வரும்போதே யாரிடமோ ஏதோ கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருப்பார். உங்கள் முதுகைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் உள்ளே விடுவார்களா, அதனால் பல் வலி என்று பொய் சொல்லிக்கொண்டு சித்தியோடு போனேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நான் முனகிய முனகலில் வெளியே காத்திருந்த ஐம்பது பேரும் எழுந்து வழிவிட்டார்கள். (ஏழு பேர். வழிவிட்டது ஒருத்தர், அவரும் பாத்ரூம் போவதற்காக எழுந்தவர். இது சித்தி.) உள்ளே டாக்டர் நான் காட்டிய பல்லைத் தட்டிப் பார்த்து, இதில் ஒன்றும் இல்லையே என்றார், அதற்கு இரண்டு பல் தள்ளி அசல் சொத்தை ஒன்றைக் கண்டுபிடித்தார். என் பொய்கூட இரண்டு பல் தள்ளிப் போனால் உண்மையாகிவிடும், அது என் ராசி.

நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் குனிந்து, "சௌகரியமா இருக்கா?" என்று கேட்டார். "கொஞ்சம் நிமிர்த்தி வைங்க டாக்டர்" என்றேன். நிமிர்த்தினார். நான் நிமிர்ந்த அளவுக்கு அவர் எழுந்து நின்று வளைந்தார். பக்கத்தில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா, பதினைந்து வருஷமாக அவரிடம் இருப்பவராம், "எல்லாருக்கும் சௌகரியம் கேப்பாரு, அவரை யாரு கேக்கறது" என்று முணுமுணுத்தது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் கண்ணை மூடவே இல்லை. "மூடிக்கோங்க ஐயா, தண்ணி தெறிக்கும்" என்று அந்த அம்மா மூன்று தடவை சொல்லியும் மூடவில்லை, வேவு பார்க்கப் போனவன் கண்ணை மூடலாமா. பார்த்ததைச் சொல்கிறேன் கேள். வலது முழங்கை கோழி இறக்கையைத் தூக்கின மாதிரி உயரத்தில் நிற்கிறது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து என் மேல் வரிசைப் பல்லைத் தேடுகிறது. மிஷினை ஓட்டுகிற பெடல் எங்கேயோ பின்னால் தள்ளிக் கிடக்கிறது, அதை எட்டுவதற்காக ஒரு காலை நீட்டி, முழு உடம்பையும் இன்னொரு காலில் தாங்கிக்கொண்டு நிற்கிறார். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கை இருக்கிறதே, மகளே, அந்தக் கை கடுகளவும் ஆடவில்லை. உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டிருக்க விரல் நுனி மட்டும் தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி வேலை செய்கிறது. நான் ஆயிரம் தொழில்காரர்களைப் பார்த்தவன், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை, அப்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, நீயும் தினமும் இருபது பேர் வாய்க்குள் இதைத்தானே செய்கிறாய், ஒருத்தருக்காவது தெரியுமா என்று நினைத்தேன்.

பாதியில் அவர் கருவியை வைத்துவிட்டு, கையை நாற்காலிக்கு அடியில், நோயாளிக்குத் தெரியாத இடத்தில் கொண்டுபோய், நாலு தடவை உதறினார். பிறகு சிரித்த முகமாக வந்து, "வாயை நல்லா திறங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீயும் அப்படித்தானே அடியில் வைத்து உதறுகிறாய். அதைவிடப் பெரிய சுருக் இன்னொன்று. படிக்கிற காலத்தில் உனக்கு நோயாளி கிடைக்காமல் நான்தானே முதல் ஆளாக வந்து படுத்தேன், அதைத் தெரு பூராவும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அன்றைக்கும் தலை சுற்றுகிறது, நிமிர்த்தி வை என்றுதான் சொன்னேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் நிமிர்த்திவிட்டு, ஒரு மணி நேரம் என் மேல் வளைந்து நின்று பல் சுத்தம் செய்தாய். கழுத்து வளையும் என்று ஜோசியம் சொன்னவனும் நான்தான், முதலில் வளைத்தவனும் நான்தான். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, ஆனால் உண்மை.

சொத்தையை அடைத்து முடித்ததும், பாதி வாய் மரத்திருக்க, நான் எழுந்து நாற்காலியின் தலை வைக்கிற குஷனை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். பொத்தென்று உள்ளே போனது. நாலு விரல் பள்ளம். பஞ்சு செத்துப்போய் வெறும் உறைதான் நின்றுகொண்டிருந்தது. படுக்கிறவன் தலை நாலு விரல் கீழே போகிறது, தலையைத் தேடிக்கொண்டு டாக்டரின் கழுத்தும் நாலு விரல் கீழே போகிறது, ஒரு நாளைக்கு இருபது தலை என்றால் நீயே பார். இதை நான் சொன்னதும் டாக்டரும் வந்து குஷனை அழுத்திப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா தலையைத்தான் பாத்தேன், தலைக்கு அடியில பாக்கலையே" என்றார். அந்த அம்மா விடுவாரா, "நான் ரெண்டு வருஷமா துண்டை மடிச்சு வைங்கன்னு கத்தறேன், நான் சொன்னா காத்து, குஷன்காரர் சொன்னா வேதமா" என்றார். அப்புறம்தான் டாக்டர் மெதுவாகச் சொன்னார், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடிவதில்லை, மனைவிதான் கழற்றிவிடுகிறாள் என்று. ஊருக்கெல்லாம் சிரிப்பைச் சரிபண்ணிக் கொடுக்கிற கை, ஒரு பொத்தானுக்கு ஆள் தேடுகிறது.

குஷனைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். உள்ளே ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்தது. அடியில் கெட்டி ஃபோம், மேலே மெல்லிசாக மிருதுவான ஒன்று, மொத்தத்தில் தலை அசையாது, ஆனால் தடிமன் குறைவு, டாக்டர் உட்கார்ந்து முட்டியை அடியில் நுழைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் நிறையப் பேர் மெத்து மெத்தென்று தலையணை மாதிரி செய்துவிடுவார்கள், நோயாளிக்குச் சொர்க்கம், டாக்டருக்கு நரகம். வளைந்த ஊசியைப் போட்டு, யார் உதவியும் இல்லாமல், ஒரே மூச்சில், ஒற்றை ஆளாகத் தைத்து முடித்தேன். கொண்டுபோய் மாட்டியதும் டாக்டர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கை இது குஷன்காரரே, முப்பத்தெட்டு வருஷம் ஊசி பிடிச்சும் ஒரு வலி இல்லையா, இரும்புல அடிச்சு வெச்சதா" என்று வியந்துபோனார். நான் என்ன சொல்வேன், எங்கள் குடும்பத்துக் கை அப்படி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளே டாக்டர் நிமிர்ந்துவிட்டார். (ஐந்து வாரம் ஆச்சு, தசைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கும் போனார் என்கிறாள் சித்தி. சரி, ஐந்து வாரம்.) பெடலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார், ஸ்டூலை ஏற்றி இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி உட்காருகிறார், தலை சுற்றுகிறது என்கிறவர்களை ஒரேயடியாகச் சாய்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார், ஆனால் சாய்க்கிறார். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறார், அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் முப்பது செகண்டு இருக்கு, ஏமாத்தாதீங்க" என்று காவல் நிற்கிறார். போன வாரம் டாக்டரின் மனைவி கடைத்தெருவில் சித்தியைப் பார்த்து, இப்போது பொத்தானை அவரே கழற்றிக்கொள்கிறார், எனக்குத்தான் வேலை போச்சு என்று சிரித்தாராம். முழுதாகத் தீரவில்லை, குளிரில் இன்னும் கை மரக்கிறது, ஆனால் வேலையை விடவில்லை. நான் அவரை ஆச்சரியக்குறி என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன், தெரு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீயும் உன் நாற்காலியின் தலைக் குஷனை உள்ளங்கையால் அழுத்திப் பார். கையுறை கட்டைவிரல் பக்கம் இழுத்துப் பிடிக்கிறதா பார், பிடித்தால் ஒரு அளவு பெரிசாகக் கேள். பல்லைச் சுரண்டுகிற கருவியைத் தீட்டி வைத்துக்கொள், மழுங்கின கத்தரியில் ரெக்ஸின் வெட்டினால் முதலில் போவது கட்டைவிரல்தான், மற்ற தொழிலாளிகளைப் பார்த்துச் சொல்கிறேன். கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை ஒரே நூலாக நரம்பு ஓடுகிறதாம், எங்கே சிக்கியிருக்கிறது என்று பரிசோதனை செய்தால்தான் தெரியும், தெரியாமலே வேலையை விடுவது, சீட்டைப் பிரித்துப் பார்க்காமலே பஸ்ஸைத் தூக்கிப் போடுகிற மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, நோயாளியிடம் கேள். தலையை என் பக்கம் திருப்புங்கள், கொஞ்சம் மேலே ஏறிப் படுங்கள் என்று கேட்டால் யாரும் குறைந்துபோய்விட மாட்டார்கள். உன் கிளினிக்கில் பெரியவர் யாரோ அவரிடம், என் கை மரக்கிறது என்று வாய் திறந்து சொல். நீ சின்ன வயசிலிருந்தே எதையும் கேட்காத பிள்ளை, பென்சில் தீர்ந்தால்கூடக் கேட்கமாட்டாய், அதை நல்ல குணம் என்று நானே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் ஆசீர்வாதம் சொல்லிக் கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். சித்தி கடைசிப் பக்கங்களைப் படித்தாள். ஐம்பதை ஏழாக்கினவள், மறுநாளை ஐந்து வாரமாக்கினவள், நான் தனியாகத் தைத்தேன் என்ற இடத்தையும் டாக்டர் கையைப் பார்த்து வியந்தார் என்ற இடத்தையும் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. காகிதத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திருத்தினால் எனக்குப் பழக்கம், திருத்தாமல் போனதுதான் தாங்கவில்லை. பின்னாலேயே போய் என்னவென்று கேட்டேன். அப்போதுதான் நீ போனில் சொன்னதன் மிச்சத்தைச் சொன்னாள். "சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவரு இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது கை வலிக்குதுன்னு சொல்லியிருக்காரா, எனக்கு வெக்கமா இருக்கு" என்றாயாமே. இரண்டு மாதமாக அந்தப் பாதியை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. பால் பொங்கும் நேரம் என்று அவளைக் கேலி செய்தேனே, அதை அடித்துவிட நினைத்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே மகளே, இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் கொஞ்சம் மெருகு போட்டது, என் கையைப் பற்றி எழுதினது மட்டும்தான் முழுப் பொய். டாக்டர் என் கையைப் பார்த்து வியக்கவில்லை. நான் நாற்காலியில் படுத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருந்தபோதே கட்டைவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். குஷனை மாட்டியதும் கையைப் பிடித்து, "இது எத்தனை வருஷமா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்துக் கைக்கு வலியே கிடையாது என்றேன். அவர் கட்டைவிரலின் அடியில் ஒரு அழுத்து அழுத்தினார், நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டார். "நோயாளி தலைக்கு அடியில நாலு விரல் பள்ளத்தைக் கண்டுபிடிச்சீங்க, உங்க கையில இருக்கறது தெரியலையா" என்று கேட்டார் டாக்டர். தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். அந்தக் குஷனின் கடைசி இரண்டு வரிசைக்கு ஊசியை இழுத்தது சித்தி. மூன்று வருஷமாகவே பெரிய தையலெல்லாம் அவள்தான் இழுக்கிறாள், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு.

அவர் கைகாட்டிய எலும்பு டாக்டர் என்னை வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், நானும் ஒரு தடவை தள்ளிப்போட்டவன்தான். இந்த முறை போகிறேன். நீயும் உன் பரிசோதனைக்கு நாள் வாங்கி, போய்விட்டு வந்து சித்தியிடம் சொல்லாதே, என்னிடம் சொல். அவர்கள் பார்த்துவிட்டு இந்தத் தொழில் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வா, உன்னைப் பற்றிப் பேச எனக்கு வேறு விஷயமா இல்லை. ஆனால் பார்க்காமல் விடாதே. அந்தக் கை இன்னும் எத்தனையோ பேர் வாய்க்குள் வெளிச்சம் போட வேண்டிய கை. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கழுத்து நிமிர்ந்து, விரல் பத்தும் உணர்ச்சியோடு, கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று நானும் சித்தியும் மனசார வாழ்த்துகிறோம். தலைக் குஷனை அழுத்திப் பார்க்க மறக்காதே. எழுத்து பெரிசாக இருப்பது உன் கழுத்துக்காக இல்லை. பேனாவை என்னால் பிடிக்க முடியவில்லை, டாக்டரின் குஷனில் மிஞ்சிய ஃபோம் துண்டைப் பேனாவைச் சுற்றித் தைத்துக் கொடுத்திருக்கிறாள் சித்தி, அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன்.

இப்படிக்கு,
கை வலிக்கிற உன் சித்தப்பா